நிதியாண்டும் நீராண்டும்: பெரம்பலூர், அரியலூர் பள்ளிகளில் தண்ணீர்ப் பாடத்துக்கான பணம்

அரசுப் பள்ளிக்கு ஊர்மக்கள் கல்விச் சீர் கொண்டுபோவது கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கப் பரவிவிட்ட வழக்கம். மேளதாளத்தோடு தெருவில் வருகிற அந்த வரிசையில் பீரோ இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும், மின்விசிறி, குடம், தாம்பாளத்தில் நோட்டும் பேனாவும் இருக்கும். கொஞ்சம் வசதியுள்ள ஊரென்றால் ஆர்.ஓ. மெஷினும் வரும். மழைமானி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதில் ஊர்மக்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளி கேட்பதை ஊர் கொடுக்கிறது; பள்ளியும் கண்ணுக்குத் தெரிகிற பொருளைத்தான் கேட்கிறது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குப் பணம் கிடைக்கும், தண்ணீரைப் பற்றிப் படிப்பதற்குக் கிடைக்காது. சீர்வரிசையில் மட்டுமா இப்படி? ஒன்றிய அரசின் திட்டத்திலிருந்து சிமென்ட் ஆலையின் சமூகப் பொறுப்பு நிதிவரை எங்கும் இதே கதைதான். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களை வைத்து அதைப் பார்க்கலாம்.

இந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி தனியானது. மேலே நிர்வாக எல்லை இப்படி மாறி மாறி வந்தாலும், கீழே நிலம் தன் எல்லையை மாற்றிக்கொள்ளவில்லை. பச்சைமலை அடிவாரத்திலிருந்து இறங்கும் பெரம்பலூர்ப் பக்கம் பெரும்பாலும் கடும்பாறை. அங்கே தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் நிற்கும். ஒரு போரில் ஊறும், இருபதடி தள்ளிப் போட்ட போர் புகையும். மக்காச்சோளமும் பருத்தியும் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயமும் இந்தக் கிணற்றுத் தண்ணீரையும் மானத்தையும் நம்பி விளைபவை. கிழக்கே போகப்போக நிலம் மாறுகிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த இடம் அது. காரை, குளக்கல்நத்தம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் இன்றும் கடல் உயிர்களின் புதைபடிவம் கிடைக்கிறது. சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது. 1940-இல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்றைய அரியலூர் சிமென்ட். இன்னும் தெற்கே திருமானூர், தா.பழூர் பக்கம் கொள்ளிடக்கரை வண்டல். அங்கே தண்ணீர்ப் பிரச்சினை ஆற்று மணலோடு சேர்ந்து வருவது.

ஆக இந்த இரண்டு மாவட்டங்களுக்குள், பேருந்தில் சில மணி நேரத் தொலைவில், மூன்று விதமான தண்ணீர் இருக்கிறது. வேப்பந்தட்டைப் பிள்ளைக்கு 'நிலத்தடி நீர்' என்றால் ஒன்று, செந்துறைப் பிள்ளைக்கு வேறொன்று, திருமானூர்ப் பிள்ளைக்கு மற்றொன்று. பாடப்புத்தகத்தில் மூவருக்கும் ஒரே படம். பள்ளிச் சுவரிலும் மூவருக்கும் ஒரே ஓவியம்: குழாயிலிருந்து சொட்டுகிற பூமி உருண்டை. 'நீரின்றி அமையாது உலகு' அதன் கீழே தவறாமல் இருக்கும். உள்ளூர்த் தண்ணீரை உள்ளூர்ப் பிள்ளை அளந்து அறிந்துகொள்ள வேண்டுமென்றால் வகுப்பறைச் செயல்திட்டம் ஒன்றே வழி. அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

சில்லறைப் பணம்

முதலில் அரசின் சிறு மானியங்கள். பள்ளிகளில் சுற்றுச்சூழலைப் பாடமாக்க வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் சொன்னது. பத்தாண்டு கழித்து, 2001-02-இல், சுற்றுச்சூழல் அமைச்சகம் தேசிய பசுமைப் படையைத் தொடங்கியது. ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் என்று ஆரம்பித்தது, பிறகு 2,500 ஆகி, 5,000-இல் போய் நின்றது. இன்னொரு பக்கம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றத்துக்கென்று ஒரு தொகை உண்டு. தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 15,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு 25,000 என்பது அதன் உச்சவரம்பு. பள்ளி மானியம் என்று தனியாக வருவது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து ஒரு லட்சம் வரை போகும். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. சாக்பீஸ், மின்கட்டணம், கழிவறை ஆசிட், உடைந்த குழாய் எல்லாம் அந்த மானியத்தின் தலையில்தான்.

தாளில் பார்க்கும்போது இது மோசமில்லை. ஆனால் மேலே சொன்னவை உச்சவரம்புகள். கைக்கு வருவது எவ்வளவு, எப்போது என்பது வேறு விஷயம். 2024-25-இல் அது வெட்டவெளிச்சமானது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசு தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. சம்பளம், சிறப்புக் குழந்தைகளுக்கான பணி, கட்டாயக் கல்விச் சட்டப்படியான கட்டணம் என்று பெரிய செலவுகளைப் பற்றித்தான் அப்போது எல்லோரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் இப்படி ஒரு நெருக்கடி வந்தால் சத்தமில்லாமல் முதலில் காணாமல் போவது மன்றப் பணம். யாரும் அதற்காகப் போராட்டம் நடத்துவதில்லை.

பரிசு வகைப் பணமும் உண்டு. ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் மானக் விருதில் தேர்வாகும் மாணவர் கணக்கில் 10,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டம். ஆனால் அது புத்தாக்கத்துக்கான பரிசு; புதிதாக ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். தண்ணீர் என்றதும் தொட்டி நிறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவிதான் மாவட்டந்தோறும் வருகிறது. ஊர்க் கிணற்றின் மட்டத்தை இரண்டு ஆண்டு குறித்துவைத்த நோட்டுக்கு அங்கே இடமில்லை, ஏனென்றால் அதில் புதுமை ஏதுமில்லை. இந்த விஷயத்தில் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு பல மடங்கு மேல். 1993-இலிருந்து நடக்கும் அந்த மாநாட்டில் பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரின் ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும். தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கொண்டு செலுத்தி வந்திருக்கிறது. 2004, 2005 ஆண்டுகளில் நீர்வளமே அதன் மையக்கருவாக இருந்தது. கேள்வி ஊரிலிருந்து எழ வேண்டும் என்ற அதன் விதிதான் பெரிய பலம். ஆனால் அந்த ஆய்வுக்கான செலவு வழிகாட்டி ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து போவதே வழக்கம்.

மாநில அரசின் வானவில் மன்றத்தையும் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 28 அன்று பக்கத்துத் திருச்சியில்தான் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தார். 13,210 பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கருத்தாளர்கள் நேரில் வந்து பரிசோதனை செய்துகாட்டும் திட்டம் அது. 25 கோடி ஒதுக்கப்பட்டது. பணம் பொருளுக்குப் போகாமல் ஆளுக்குப் போன அபூர்வமான திட்டம் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மதிப்பு உண்டு. கருத்தாளர் வருகிறார், செய்துகாட்டுகிறார், அடுத்த பள்ளிக்குப் போகிறார். தண்ணீரை அளப்பதற்கு மட்டும் ஒரே ஆள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

ஐயாயிரம் ரூபாயின் பாதை

மன்றத்துக்கு வரும் ஐயாயிரம் ரூபாய் எப்படிச் செலவாகிறது என்று பார்த்தால் கோளாறு எங்கே என்று புரியும். செலவுக்குப் பில் வேண்டும். கடைப் பெயர் அச்சடித்த பில்லாக இருந்தால் தணிக்கையில் கேள்வி வராது. ஆகவே பில் கிடைக்கும் செலவுகளே நடக்கின்றன: ஃபிளெக்ஸ் பேனர், மரக்கன்று, வண்ணத்தாள், போட்டியில் வென்ற பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளர். பேரணி அன்று புகைப்படம் எடுத்து, பயன்பாட்டுச் சான்றோடு இணைத்து அனுப்பினால் கணக்கு முடிந்தது. பில் கிடைக்காத செலவுகளைப் பாருங்கள். ஏரியின் மதகைக் காட்டப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் ஷேர் ஆட்டோ. நாள் முழுக்கக் கூடவே நடந்து வந்து வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லும் நீர்க்கட்டிப் பெரியவருக்கு ஒரு வேட்டி. கிணற்றளக்க வாங்கிய கயிறு. பிள்ளைகளுக்கு மதியம் வாங்கிக் கொடுத்த பொட்டலம். எதற்குமே பில் கிடையாது. தண்ணீரைக் கற்றுக்கொடுக்கும் செலவெல்லாம் இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது.

தலைமை ஆசிரியர்களை இதற்காகக் கடிந்துகொள்ள முடியாது. தணிக்கை மேசையில் ஐம்பது ரூபாய்க்குக்கூடப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். 'கள அனுபவச் செலவு' என்று ஒரு தலைப்பு, ஆசிரியரின் கையெழுத்து வவுச்சரே போதும் என்று ஒரு வரி, ஆயிரமோ இரண்டாயிரமோ உச்சவரம்பு: இதைச் சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

நாள்காட்டிச் சிக்கல் இதைவிடப் பெரியது. அரசின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. பள்ளியாண்டு ஜூன் முதல் ஏப்ரல் வரை. நீரியல்காரர்களுக்கும் ஓர் ஆண்டு உண்டு. அது ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. இந்த மாவட்டங்களில் ஆண்டு மழையில் பாதிக்குப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. தை மாதத்தில் கிணறு நிறைந்து நிற்கும். சித்திரை, வைகாசியில் தரை தெரியும். தண்ணீரைப் படிக்க வேண்டுமென்றால் புரட்டாசியில் ஒருமுறை, மார்கழி கடைசியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறையாவது அளந்தாக வேண்டும். பணமோ ஆண்டின் பின்பாதியில் வந்து, மார்ச் 31-க்குள் செலவாகியாக வேண்டும். மழை பெய்யும்போது பணம் வந்திருக்காது. கிணறு வற்றும்போது கணக்கு முடிந்திருக்கும், பள்ளியும் மூடியிருக்கும். இந்த நிலையில் பிப்ரவரியில் ஒரு பேரணியைத் தவிர வேறென்ன நடக்க முடியும்? விழிப்புணர்வுப் பேரணி நம் பள்ளிகளில் இவ்வளவு பிரபலமானதற்கு ஆசிரியர்களின் சோம்பல் காரணமில்லை, நிதி வரும் தேதிதான் காரணம் என்பது என் முடிவு.

கனிமப் பணம்

பெரிய பணத்துக்கு வருவோம். அரியலூரைச் சுற்றி ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு, அரசின் டான்செம் என்று சிமென்ட் ஆலைகள் நிற்கின்றன. பெரம்பலூரில் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை, எறையூரில் சர்க்கரை ஆலை. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தாண்டும் நிறுவனம், கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கல்வியும் இருக்கிறது, நீரின் தரம் காப்பதும் இருக்கிறது. அதனால் பள்ளித் தண்ணீர்ப் பாடம் இரண்டு வாசல் வழியாகவும் உள்ளே போகலாம்.

இதற்கு மேல் கனிம அறக்கட்டளை. சுரங்கச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தத்தின்படி கனிமம் எடுக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அறக்கட்டளை இருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரி 12-க்கு முன் கொடுத்த குத்தகை என்றால் உரிமத்தொகையில் 30 சதவீதம், அதற்குப் பின் ஏலத்தில் போனது என்றால் 10 சதவீதம் அதில் சேர வேண்டும். சுண்ணாம்புக்கல்லுக்கு உரிமத்தொகை 2014-இல் டன்னுக்கு 80 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. பழைய குத்தகைச் சுரங்கம் ஒன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் கல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமத்தொகை 8 கோடி; அறக்கட்டளைக்கு 2 கோடியே 40 லட்சம். இதில் நூற்றில் ஒரு பங்கை ஒதுக்கினால் 2 லட்சத்து 40 ஆயிரம். பள்ளிக்கு 12,000 என்றாலும் இருபது பள்ளிகள். அரியலூரைச் சுற்றி இப்படி ஒன்றல்ல, பல சுரங்கங்கள்.

அறக்கட்டளை விதிகளில் குடிநீர், சுற்றுச்சூழல், கல்வி மூன்றுமே முன்னுரிமை இனங்கள். தடை எங்கும் இல்லை. ஆனாலும் பணம் கட்டடமாகிறது, மேல்நிலைத் தொட்டியாகிறது, சாலையாகிறது. தேவைதான். ஆனால் சாலைக்கு மதிப்பீடு போடப் பொறியாளர் இருக்கிறார், ஒப்பந்தம் எடுக்க ஆள் இருக்கிறது, திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது. கிணற்று நோட்டுக்கு மதிப்பீடு போட்டுக் கொடுக்க எந்தத் துறையிலும் ஆள் இல்லை. ஆலைகள் நேரடியாகச் செய்யும் உதவியும் இதே பாதையில்தான்: வகுப்பறை, கழிவறை, ஸ்மார்ட் போர்டு, குடிநீர் இயந்திரம், அதன் மேல் பெயர்ப் பலகை. 2022 டிசம்பரில் வந்த 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி' திட்டம் கொடுப்பவர் பள்ளியையும் தேவையையும் தேர்ந்தெடுக்க வழிசெய்தது. அமெரிக்காவில் டோனர்ஸ்சூஸ் என்ற அமைப்பு 2000-இலிருந்து ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. ஆனால் அங்கே கேட்பவர் வகுப்பாசிரியர், கேட்பதும் இந்த வகுப்பின் இந்தப் பாடத்துக்கு இன்னது என்று சின்னதாக இருக்கும். நம்மிடம் கேட்பது பள்ளி. பள்ளி கேட்டால் சுற்றுச்சுவரில்தான் ஆரம்பிக்கும்.

ஃபுளோரிடாவின் தென்மேற்கு நீர் மேலாண்மை மாவட்டம் நடத்தும் 'ஸ்பிளாஷ்' மானியம் இன்னொரு மாதிரி. ஒரு பள்ளிக்கு 3,000 டாலர் வரை தருகிறார்கள், தண்ணீர்ப் பாடத்துக்கு மட்டும். தருவது கல்வித் துறையல்ல, தண்ணீரை நிர்வகிக்கும் துறை. நம் நீர்வளத் துறையும் குடிநீர் வடிகால் வாரியமும் இந்த மாவட்டங்களில் கண்காணிப்புக் கிணறுகளின் மட்டத்தை மாதந்தோறும் அளக்கின்றன. அந்தக் கிணறுகள் சிலவற்றுக்குப் பக்கத்திலேயே பள்ளியும் இருக்கும். அளக்க வரும் அலுவலர் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் எட்டாம் வகுப்பை அழைத்துக் காட்டினால் போதும். அதற்குப் பணமே தேவையில்லை, ஓர் உத்தரவு போதும்.

உழவர்களே கிணற்றை அளந்த அனுபவம் நம் பக்கத்திலும் உண்டு. பழைய ஆந்திராவின் ஏழு வறட்சி மாவட்டங்களில், அறுநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களில், ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு நடந்த நிலத்தடி நீர்த் திட்டத்தில் உழவர்கள் தாங்களே மழையையும் மட்டத்தையும் குறித்து, இருக்கும் தண்ணீருக்கு ஏற்ற பயிரைப் பேசி முடிவு செய்தார்கள். பாறை நிலம், கிணற்றுப் பாசனம், மானாவாரி என்று பெரம்பலூருக்கு நெருங்கிய உறவுக்காரச் சூழல் அது. 2019-இல் தொடங்கிய அடல் பூஜல் திட்டம் இதே பாணியில் ஊர் நீர்க் கணக்குக்கு 6,000 கோடி ஒதுக்கியது. குஜராத், அரியானா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்ற ஏழு மாநிலங்கள் அதில் இருந்தன. தமிழ்நாடு இல்லை.

பன்னிரண்டாயிரத்தில் என்ன முடியும்

இப்போது செலவைப் போட்டுப் பார்ப்போம். மழைமானி, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர், அளவுக் கயிறும் நாடாவும், நல்ல அட்டை போட்ட நோட்டுகள், பள்ளி வாசலில் மட்டம் எழுதிப்போடக் கரும்பலகை, ஒருநாள் வேன் வாடகை, கோடை விடுமுறையில் கிணற்றளக்கும் இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு அலைபேசி ரீசார்ஜ். என் கணக்கில் முதல் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும். அடுத்த ஆண்டுகளில் அதில் பாதி போதும். ஆனால் ஐந்து ஆண்டு தொடர்ந்து வர வேண்டும். ஒரே ஆண்டில் முப்பத்தாறாயிரமாகக் கொடுத்தால் அது மறுபடி ஒரு இயந்திரமாகிவிடும்.

பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதலில் அந்த ஆர்.ஓ. மெஷினிலிருந்தே தொடங்கலாம். நல்ல தண்ணீர் வரும் குழாயடியில் ஒரு வாளி, கழிவு வெளியேறும் குழாயடியில் ஒரு வாளி. அரை மணி நேரம் ஓடவிட்டு இரண்டையும் அளந்தால், ஒரு குடம் குடிக்க எத்தனை குடம் சாக்கடைக்குப் போகிறது என்பது ஏழாம் வகுப்புக்காரன் கையில் வந்துவிடும். பெரும்பாலான சிறு இயந்திரங்களில் கழிவுதான் அதிகம். அந்தக் கழிவை மீட்டரில் சோதித்து, பாத்திரம் கழுவ ஆகுமா, தோட்டத்துக்கு ஆகுமா என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

அடுத்தது கூரை. பள்ளிக் கட்டடத்தின் மேல்தளம் 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்து ஆண்டு மழையை 800 மில்லிமீட்டர் என்று குறைத்தே போட்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 1,28,000 லிட்டர் வருகிறது. 200 பிள்ளைகள் நாளுக்கு இரண்டு லிட்டர் வீதம் 200 வேலை நாளும் குடித்தால் 80,000 லிட்டர்தான். பெருக்கல் கணக்குத்தான், ஆனால் தன் பள்ளிக் கூரையை நாடா வைத்து அளந்து போட்ட கணக்கு மறக்காது. 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது வைத்த குழாய்கள் இன்னும் பல கட்டடங்களில் இறங்குகின்றன. குழாயின் அடியில் இருக்க வேண்டிய குழி இருக்கிறதா, தூர்ந்துவிட்டதா, குழாய் பாதியிலேயே உடைந்து நிற்கிறதா என்று எண்ணிவருவதே ஒரு வாரத்துக்கான செயல்திட்டம்.

கிணற்றை அளப்பதில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் சேர்ந்துகொள்ளும். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கைப்பிடிச் சுவர் மேலிருந்து இறக்கி, கல் தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் பிடித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அளக்கக் கூடாது. நிறுத்திச் சில மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊறாத மட்டத்தை எழுதிவிட்டு, தண்ணீர் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருப்போம். இந்த நுணுக்கத்தை எந்த விழிப்புணர்வுப் பாட்டும் சொல்லித் தராது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கமே போகக் கூடாது என்பதும், பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் அளக்கக் கூடாது என்பதும் முதல் விதிகள்.

வேனுக்கு வாடகை கொடுத்தால் போக இடமா இல்லை? காவிரித் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியே வந்து சேரும் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இருக்கிறது; கங்கைத் தண்ணீரால் நட்ட வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் பெருமையாகச் சொல்கிறது. பொன்னேரி என்றால்தான் உள்ளூரில் தெரியும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் அரசு தன் போர் வெற்றிக்கு ஏரியை நினைவுச்சின்னமாக வைத்தது என்பதைப் பிள்ளைகள் கரைமேல் நின்று கேட்க வேண்டும். மருதையாற்றுப் பாலத்தையும் காட்டலாம். 1956 நவம்பர் 23 அதிகாலை அந்த ஆற்று வெள்ளம் அரித்த பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அதற்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியை விட்டார். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு ஒரே இரவில் என்ன செய்யும் என்பதும் தண்ணீர்ப் பாடம்தான்.

கொடுப்பவரும் கேள்வியும்

சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த குழிகளில் மழைநீர் தேங்கிக் கிடப்பதை அரியலூர் வட்டாரத்தில் யாரும் பார்க்கலாம். ஆலைகள் அதைச் சேமிப்பு என்கின்றன. பக்கத்து உழவர்களில் பலர், சுரங்கம் ஆழமாக ஆழமாகத் தங்கள் கிணறு இறங்கியது என்கிறார்கள். எது எந்த அளவுக்கு உண்மை என்பது இடத்துக்கு இடம் மாறும். பாறையின் அமைப்பு, சுரங்கத்தின் ஆழம், அங்கிருந்து இறைத்து வெளியேற்றும் தண்ணீர் எல்லாவற்றையும் பொறுத்தது. ஒரு வகுப்பறை கேட்க இதைவிடப் பொருத்தமான கேள்வி இந்த மாவட்டத்தில் வேறில்லை. சுரங்கத்திலிருந்து அரை கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணறுகளை ஒரே நாளில் மூன்று பள்ளிகள் அளந்தால் ஐந்து ஆண்டில் பேசுவதற்கு ஏதாவது கையில் இருக்கும்.

ஆனால் பேனரில் ஆலையின் பெயரைப் போட்டுக்கொண்டு பள்ளி இந்தக் கேள்வியைக் கேட்குமா? கேட்காது. யாரும் தடுக்க வேண்டியதில்லை. தலைமை ஆசிரியரே நாசூக்காகத் தலைப்பை 'குழாயை மூடுவோம்' என்று மாற்றிவிடுவார். ஆலைப் பணத்தை வாங்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த மண்ணிலிருந்து போன கல்லுக்கான பணம் இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு வந்தாக வேண்டும். வழியை மட்டும் மாற்ற வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையில் இருக்கும் கனிம அறக்கட்டளை மூலம் வந்தால் அது நன்கொடையாக இராது, சட்டப்படி வர வேண்டிய பங்காக இருக்கும். வாங்குகிற பள்ளிக்கு நன்றிப் பலகை எழுதும் கட்டாயமும் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு புதிதாகப் போட்ட கனிம நில வரி 2025-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. அதில் எவ்வளவு கல் போன ஊருக்குத் திரும்பி வரும் என்று அரியலூர்க்காரர்கள் கேட்கலாம்.

பெரம்பலூருக்கு இந்த வசதி அவ்வளவாக இல்லை. அங்கே பெரும்பாலும் ஜல்லிக் குவாரிகள்தான். சுண்ணாம்புக்கல் அளவுக்குப் பணம் வராது. ஆகவே வேப்பூர், ஆலத்தூர், வேப்பந்தட்டைப் பள்ளிகள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் முன்னாள் மாணவர்களையுமே நம்ப வேண்டியிருக்கிறது. தண்ணீருக்கு அதிகம் தட்டுப்பாடுள்ள மாவட்டத்துக்குக் கனிமப் பணம் குறைவு என்பதால், இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஒரே நிதி வைத்தால் என்ன என்று தோன்றும். இப்போதைய விதிப்படி அறக்கட்டளைப் பணம் பெரும்பாலும் மாவட்டத்தோடு கட்டுப்பட்டது, எளிதில் எல்லை தாண்டாது. மருதையாறு மட்டும் தாண்டும்.

கடைசியாக நோட்டின் கதி. ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவர் மூன்று ஆண்டு கிணற்று மட்டத்தை எழுதவைப்பார். கலந்தாய்வில் இடமாறுதல் கிடைத்துப் போவார். நோட்டு பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போகும். எந்த மானியமும் இதைத் தடுக்காது. நோட்டுக்குப் பள்ளிக்கு வெளியே ஒரு வீடு வேண்டும். அதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. புதிதாகச் சேர்ந்த நாட்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள். பள்ளி நடந்துகொண்டிருக்கும், மார்கழி மட்டமும் பங்குனி மட்டமும் கையில் இருக்கும், நிதியாண்டு முடிய ஒன்பது நாள் மீதி இருக்கும். அன்று எட்டாம் வகுப்பு வந்து ஊர்க் கிணறுகளின் மட்டத்தை வாசிக்க வேண்டும், அது தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும், நோட்டின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்று மானிய விதியிலேயே எழுதிவிடலாம். இந்த இரண்டு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தனி அலுவலர் நடத்தும் கிராம சபையில் பிள்ளைகள் வாசிக்கும் மட்டம் தீர்மானமாவது சுலபம், ஏனென்றால் எதிர்த்துப் பேச ஆள் குறைவு. அந்தத் தீர்மானத்தின்மேல் நடவடிக்கை எடுக்கவைப்பது கடினம், ஏனென்றால் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் அவரல்லர்.